எட்டு ஜிபி மிஷின்ல எழுத்து ஏன் விரலுக்குப் பின்னாடி வருது?

மஞ்சக்குப்பம் டைப்பிங்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல 2004லேர்ந்து டைப்பிங், ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். தமிழ் டைப்ரைட்டிங் முதுநிலை முடிச்சவ. கோர்ட்டுக்குப் போற அபிடவிட், கலெக்டர் ஆபீஸ் மனு, வாடகை ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை புரூஃப் எல்லாம் அடிப்பேன்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். காலை எட்டரைக்கே வாசல்ல பத்துப் பேர் நிப்பாங்க. குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோயில் பக்கமிருந்து முதல் பஸ் பிடிச்சு வந்தவங்க. நிறைய பேருக்கு எழுத வராது. அவங்க சொல்லச் சொல்ல நான் அடிக்கணும். அவங்க அழுதுகிட்டே சொல்லும்போது "இருங்கம்மா, கம்ப்யூட்டர் சுத்துது"ன்னு சொல்றது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு.

விஷயம் இதுதான். முன்னாடி வச்சிருந்தது பென்டியம் 4, 512 எம்பி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி. அதுல பேஜ்மேக்கர் 7ங்கிற பக்கம் அமைக்கிற சாஃப்ட்வேர். விரல் பட்ட உடனே எழுத்து விழும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடிச்சப்போ ஊர் முழுக்கக் கரண்ட் இல்ல. ஜெனரேட்டரை மணிக் கணக்கு வாடகைக்கு எடுத்து, அந்த மிஷின்லதான் நிவாரண மனு அடிச்சேன். முந்திரி போச்சு, பலா போச்சு, வீட்டு ஓடு போச்சுன்னு வரிசையா வந்தாங்க. ஜெனரேட்டர் ஓடுற ஒவ்வொரு நிமிஷமும் காசு. அந்த மிஷின் என்னை ஒரு நாளும் காக்க வைக்கல.

2023ல புதுசு வாங்கினேன். ஐ3, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. ரேம் மட்டுமே பதினாறு மடங்கு. ஆனா இப்ப "வணக்கத்துடன்"னு அடிச்சு முடிச்சு நிமிர்ந்து பார்த்தா திரையில "வணக்" நிக்குது. மீதி எழுத்தெல்லாம் ஒரு மூச்சுல கொத்தா வந்து விழுது.

போன மாசம் ஒரு பாட்டிக்குப் பட்டா மனு அடிச்சேன். சர்வே எண்ல 112 அடிக்கும்போது கடைசி 2 திரையில வரல. விழலையோன்னு திரும்ப அமுக்கினேன். பிறகு ரெண்டும் சேர்ந்து வந்து 1122 ஆயிடுச்சு. கூட்டத்துல நானும் கவனிக்கல. மனு திரும்பி வந்துடுச்சு. அந்தப் பாட்டி அடுத்த திங்கள் மறுபடி பஸ் ஏறி வந்தாங்க. நான் காசு வாங்கல, ஆனா அவங்க ஒரு நாள் கூலியை நான் எப்படித் திருப்பித் தர்றது?

இது என் மிஷின் கோளாறா? இல்ல இப்ப வர்ற சாஃப்ட்வேரே தேவைக்கு மேல மெதுவா இருக்கா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

லாரன்ஸ் ரோடு சர்வீஸ்

அக்கா, திருப்பாப்புலியூர்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றேன். உங்க மாதிரி கம்ப்ளெய்ன்ட் வாரத்துக்கு நாலு வருது. முதல்ல டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க, எது எது ஓடுதுன்னு காட்டும். எனக்கு வர்ற மிஷின்ல பாதிக்கு மேல ரெண்டு ஆன்டிவைரஸ் ஓடும். விண்டோஸ்ல இருக்கிறது போக, கடைக்காரர் ஒண்ணு போட்டுக் கொடுத்திருப்பார், அப்புறம் யாரோ இன்னொண்ணு போட்டிருப்பாங்க. ரெண்டும் ஒரே ஃபைலை மாத்தி மாத்தி சோதிக்கும். ஒண்ணை எடுத்துடுங்க.

அடுத்தது ஸ்டார்ட்அப். பிரிண்டர் சாஃப்ட்வேர், ஸ்கேனர் சாஃப்ட்வேர், போன் சாஃப்ட்வேர் எல்லாம் மிஷின் எழுந்திருக்கும்போதே கூட எழுந்துக்கும். வேண்டாததை டிசேபிள் பண்ணுங்க.

எதுல டைப் பண்றீங்கன்னு சொல்லவே இல்லையே?

---

மஞ்சக்குப்பம் டைப்பிங்

தம்பி, ரெண்டு ஆன்டிவைரஸ் இருந்தது உண்மைதான். ஒண்ணை எடுத்துட்டேன், ஃபைல் திறக்கிறது கொஞ்சம் பரவாயில்ல. ஆனா எழுத்து விழுறது அப்படியேதான் இருக்கு.

வக்கீல் ஆபீஸ்லேர்ந்து லிங்க் அனுப்புவாங்க. பிரவுசர்லயே திறந்து அதுலயே அடிக்கணும், அவங்க அங்க உக்காந்தே திருத்துவாங்க. அது வசதிதான். மனுவுக்கும் அதையே பழகிட்டேன். தமிழுக்கு டைப்ரைட்டர் முறை கீபோர்டு போட்டிருக்கேன்.

---

லாஸ்பேட்டை நிரலர்

அக்கா, நான் புதுச்சேரிக்காரன். பதினாலு வருஷமா சாஃப்ட்வேர் எழுதுறேன். உங்க கேள்விக்கு என் பதில்: ஆமா, தேவைக்கு மேல மெதுவாத்தான் இருக்கு. அதை எழுதுற ஆள்ல ஒருத்தனா சொல்றேன்.

இது இன்னைக்கு வந்த புகார் இல்ல. பாஸ்கல் மொழியை உருவாக்கின நிக்லாஸ் விர்த் 1995லேயே எழுதினார், மிஷின் வேகமாகிறதைவிட சாஃப்ட்வேர் மெதுவாகிறது வேகமா நடக்குதுன்னு. 2001ல எக்ஸ்பிக்குக் குறைஞ்சபட்சம் கேட்ட ரேம் 64 எம்பி. 2021ல விண்டோஸ் 11க்கு 4 ஜிபி. அறுபத்து நாலு மடங்கு. நீங்க அடிக்கிற மனு அறுபத்து நாலு மடங்கு நீளமாகல.

ஆனா ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். உங்க மிஷின் கணக்குப் போட முடியாம திணறல. பெரும்பாலான நேரம் அது எதுக்காகவோ காத்துக்கிட்டு இருக்கு, இல்ல ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யுது. இதுக்கு எனக்குத் தெரிஞ்சதுல நல்ல உதாரணம் ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டு. திறக்கவே பல நிமிஷம் ஆகும், வருஷக்கணக்கா எல்லாரும் கிராஃபிக்ஸ் கனம்னு நினைச்சு பொறுத்துக்கிட்டாங்க. 2021ல ஒருத்தர் பிரிச்சுப் பார்த்தார். 10 எம்பி அளவுல ஒரு பட்டியல் ஃபைல், அதுல சுமார் 63,000 பொருள். ஒவ்வொரு சின்னத் துண்டைப் படிக்கும்போதும் மீதி ஃபைல் எவ்வளவு நீளம்னு கடைசி வரைக்கும் எண்ணிட்டு வந்திருக்கு. நோட்டுல அடுத்த வார்த்தை படிக்கணும்னா முதல்ல மீதிப் பக்கத்தையெல்லாம் எண்ணிட்டு வர்ற மாதிரி. அதையும் இன்னொண்ணையும் சரி பண்ணினதும் காத்திருக்கிற நேரத்துல சுமார் 70 சதவீதம் போச்சு. கம்பெனி அவருக்கு 10,000 டாலர் கொடுத்து, திருத்தத்தையும் ஏத்துக்கிச்சு.

என் கதையும் அதேதான். சில வருஷம் முன்னாடி ஒரு சின்ன கம்பெனியில பில்லிங் சாஃப்ட்வேர் எழுதினோம். பண்ருட்டியில ஒரு முந்திரி வியாபாரி வாங்கினார். "லேட்டாகுது"ன்னு போன் பண்ணிக்கிட்டே இருந்தார். ஆபீஸ்ல போட்டுப் பார்த்தா கண் சிமிட்டுற நேரத்துல வருது. "உங்க நெட் சரியில்ல சார்"னு நானே மூணு தடவை சொல்லியிருக்கேன். நாலாவது தடவை பைக் எடுத்துட்டு நேர்ல போனேன்.

அவர் பில் பட்டியலைத் திறக்க பட்டனை அமுக்கினார். அமுக்கிட்டு திரையைப் பார்க்கவே இல்ல. அப்படியே திரும்பி, அரை கிலோ முழுப் பருப்பை நிறுத்து, பை கட்டி, நூலை அறுத்து, கையைத் துடைச்சுட்டு அப்புறம்தான் திரும்பினார். அப்பதான் பட்டியல் வந்தது. எங்க சாஃப்ட்வேர் எவ்வளவு நேரம் எடுக்கும்னு அவர் உடம்பே பழகியிருந்தது. நான் அங்கேயே நின்னுட்டேன்.

திரும்பி வந்து புரோகிராம் கோடைப் பார்த்தோம். பட்டியல்ல 300 பில். ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளர் பேரைக் கேட்டு தனித்தனியா சர்வருக்கு, அதாவது விவரமெல்லாம் சேமிச்சு வச்சிருக்கிற மிஷினுக்கு, போயிட்டு வந்திருக்கு. மளிகைக் கடைக்குச் சீட்டோட ஒரே நடை போகாம, உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடைன்னு போற மாதிரி. எங்க ஆபீஸ்ல சர்வரும் அதே மிஷின்ல, அதனால நடைக்கு நேரமே ஆகல. பண்ருட்டியிலேர்ந்து போய் வர ஒரு நடைக்கு 40 மில்லிசெகண்ட். 300 நடை, 12 செகண்ட். ஒரே நடையாக்க ஒரு மத்தியானம் பிடிச்சது. ரெண்டு வருஷமா அந்த மனுஷன் தினம் எத்தனை தடவை காத்திருந்தார்னு கணக்குப் போட எனக்கு மனசு வரல.

எழுதுறவன் கையில புது மிஷின், பக்கத்துல சர்வர், சோதிக்கிறது பத்து பில்லை வச்சு. மெதுவா இருக்கிறது அவன் கண்ணுல படவே படாது. அடுத்த வசதியைச் சேர்னுதான் மேல சொல்வாங்க, இருக்கிறதை வேகமாக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

இப்ப உங்க விஷயம். போன்ல ஸ்லோ மோஷன் இருக்கா? செகண்டுக்கு 240 ஃபிரேம், அதாவது 240 படம், எடுக்கும்னா ஒரு படத்துக்குச் சுமார் 4 மில்லிசெகண்ட். விரலும் திரையும் ஒரே படத்துல தெரியுற மாதிரி வச்சு எடுங்க. கீ அடியில தொட்ட படத்துலேர்ந்து எழுத்து தெரியுற படம் வரைக்கும் எண்ணுங்க. நோட்பேட்ல ஒண்ணு, பிரவுசர்ல ஒண்ணு, பழைய மிஷின் இருந்தா அதுலயும் ஒண்ணு. கம்ப்யூட்டர் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லணும்னு 1968ல ராபர்ட் மில்லர்ங்கிற ஆய்வாளர் எழுதினதுலேர்ந்து சொல்லிட்டு வர்ற அளவு இது: பத்துல ஒரு பங்கு செகண்டுக்குள்ள வந்தா மனுஷனுக்கு உடனே நடந்த மாதிரி இருக்கும். அதாவது 24, 25 படம்.

---

பழைய நகரத்து ஆசிரியர்

அம்மா, தம்பி, இருவருக்கும் வணக்கம். நான் கடலூர் பழைய நகரத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பழைய வேகத்துக்கு நாம் கொடுத்த விலையும் இங்கே பதிவாக வேண்டும்.

கோயில் வரலாறு, ஊர் வரலாறு என்று சிறு நூல்களைப் பதினோரு ஆண்டுகள் பேஜ்மேக்கரில்தான் அடித்து வைத்தேன். வேகமாகத்தான் இருந்தது. ஏனென்றால் அந்தக் கணினிக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பக்கம் முழுக்கப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். "திருப்பாதிரிப்புலியூர்" என்று தேடினால் ஒரு கோப்பிலும் கிடைக்காது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு குறியேற்றம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற கணக்கு. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றத்தை, தரமாக ஏற்ற பிறகுதான் எனக்கு விடிவு வந்தது. இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து பக்கம் பக்கமாக மாற்றினேன். கொம்பு வேறு, துணைக்கால் வேறு என்று பிரிந்து கிடந்ததைக் கையால் சேர்த்தேன்.

இன்று கணினி தமிழை அறிந்து எழுதுகிறது. கொம்பை எங்கே வைப்பது, "கொ" வந்தால் இரு பக்கமும் எப்படிப் பிரிப்பது என்று அது கணக்கிட வேண்டும். அந்த வேலைக்கு நேரம் ஆகும் அல்லவா? எக்ஸ்பி காலத்தில் பென் டிரைவ் செருகினாலே வைரஸ் வரும், ஒரு முறை என் கோப்புகள் அத்தனையும் மறைந்துபோயின. பாதுகாப்புக்கும் கொஞ்சம் நேரம் ஆகத்தான் செய்யும். மெதுவாக இருப்பதெல்லாம் வீண் என்று சொல்லிவிடாதீர்கள்.

---

லாஸ்பேட்டை நிரலர்

ஐயா, நீங்க சொன்னதுல பெரும்பகுதி சரி. பாதுகாப்புக்கு உண்மையாவே விலை உண்டு. 2018 ஜனவரியில மெல்ட்டவுன், ஸ்பெக்டர்னு பிராசசர்லயே ஓட்டை வெளிய வந்தப்போ, அதை அடைக்கிறதுக்காகவே சில வேலைகள் மெதுவாச்சு. அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல்லேயே பாதுகாப்புத் திருத்தம் நின்னுடுச்சு, அதனால அக்கா பழைய மிஷினை நெட்ல சேர்க்கவே கூடாது.

ஆனா தமிழ் மேல பழி போக விடமாட்டேன். அக்கா டைப்ரைட்டர் முறையில "மெ" அடிக்கும்போது கொம்பை முதல்ல அடிப்பாங்க, அப்புறம் ம. ஒருங்குறியில ம முன்னாடி, கொம்பு பின்னாடி. கீபோர்டு புரோகிராம் கொம்பைக் கையில பிடிச்சு வச்சுக்கிட்டு, ம வந்ததும் இடம் மாத்தித் தருது. திரையில வரையிறவன் மறுபடியும் கொம்பை முன்னாடி கொண்டு வர்றான். கேட்கப் பெரிய வேலையா தெரியும். அக்காவோட பென்டியம் 4 கூட ஒரு மில்லிசெகண்டுக்குள்ள பல நூறு எழுத்துக்கு இதைச் செஞ்சுடும். இடம்னு பார்த்தாலும், ஒரு தமிழ்க் குறிக்கு மூணு பைட். நாற்பது பக்க ஆவணம், அறுபதாயிரம் குறின்னு வச்சாலும் 180 கேபி. வாட்ஸப்ல வர்ற காலை வணக்கப் படம் இதைவிடப் பெருசு.

பாரம் வேற இடத்துல இருக்கு. ஒரு சின்ன செயலிக்குள்ள முழு குரோமியம் பிரவுசரையே வச்சுக் கட்டி அனுப்புறாங்க. எலக்ட்ரான்னு பேரு, 2013ல ஒரு எடிட்டருக்காக கிட்ஹப்ங்கிற கம்பெனி ஆரம்பிச்சது. ஒரு தடவை எழுதினா விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். கம்பெனிக்கு மூணு டீம் வேண்டாம். அந்த மிச்சம் அவங்களுக்கு, ரேம் செலவு அக்காவுக்கு. இப்படி நாலு செயலி திறந்தா நாலு பிரவுசர்.

---

மஞ்சக்குப்பம் டைப்பிங்

ஞாயித்துக்கிழமை கடையை மூடிட்டு, பொண்ணு போனை வாங்கி எடுத்தேன். பழைய மிஷின் பரண்ல இருந்தது, இறக்கித் துடைச்சு பழைய பெட்டி மானிட்டரையே மாட்டினேன். ரெண்டாவது தடவையிலேயே எழுந்துக்கிச்சு. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, பத்து வருஷம் சோறு போட்ட மிஷின்.

ஒவ்வொண்ணும் அஞ்சு தடவை எடுத்து நடுவுல வந்ததை எழுதுறேன். பழைய மிஷின் பேஜ்மேக்கர்: 17 படம். புது மிஷின் நோட்பேட்: 21 படம், இது எனக்கே ஆச்சரியம், கிட்டத்தட்ட ஒண்ணுதான். பிரவுசர் எடிட்டர், ஒரு பக்க மனு: 47 படம். அதே எடிட்டர், நாற்பது பக்க வழக்கு ஆவணம்: 112 படம். அதாவது அரை செகண்டுக்குக் கிட்ட. அந்த 1122 எனக்கு எப்படி வந்ததுன்னு இப்பப் புரியுது. அரை செகண்ட் எழுத்து வரலைன்னா யார் விரலும் இன்னொரு தடவை போகும்.

நோட்பேட்லயும் அதே தமிழ், அதே கீபோர்டு. அதனால ஐயா, தமிழுக்கு நேரம் ஆகல. நீங்க ஒருங்குறி பத்திச் சொன்னது எனக்கும் நடந்தது. என் 2004 ஃபைலும் இப்ப ஒண்ணும் படிக்க முடியல.

அப்புறம் காசில்லாம கிடைக்கிற, பிரவுசர் இல்லாம மிஷின்லயே ஓடுற லிப்ரே ஆபீஸ் இறக்கி அதுல எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் 25, நாற்பது பக்கம் 29. இனி மனுவெல்லாம் அதுலதான் அடிக்கிறதுன்னு முடிவு. வக்கீல் ஃபைலையும் இங்க அடிச்சு முடிச்சு கடைசியில அவங்க லிங்க்ல ஒட்டிடுறேன். இந்தத் திங்கள் பதினாலு மனு அடிச்சேன். பன்னெண்டரைக்கு வரிசை தீர்ந்துச்சு, வழக்கமா ஒன்றரை ஆகும். பாதி வேகம் எழுத்துலேர்ந்து வந்ததுன்னா பாதி நான் திரையைத் திரும்பத் திரும்பப் பார்க்காததுலேர்ந்து வந்தது.

இன்னும் ஒண்ணு கேக்கணும் தம்பி. விண்ணப்பம் போடுற ஒரு வலைத்தளம் இருக்கு. மாவட்டம் தேர்ந்தெடுத்தா பக்கம் முழுக்க மறுபடி சுத்தி வருது. தாலுகா தேர்ந்தெடுத்தா மறுபடி. கிராமம் தேர்ந்தெடுத்தா மறுபடி. நடுவுல நெட் விட்டா முதல்லேர்ந்து. இது என் மிஷின் வேலையே இல்லைன்னு இப்பத் தெரியுது. அவங்களுக்கு எழுதலாம்னு இருக்கேன். என்னன்னு எழுதுறது?

---

லாஸ்பேட்டை நிரலர்

எழுதுங்க அக்கா. பிரவுசர்ல எஃப்12 அமுக்கினா கீழயோ பக்கத்துலயோ ஒரு கட்டம் திறக்கும், அதுல நெட்வொர்க்னு இருக்கும். தாலுகாவை மாத்தும்போது எத்தனை வரி புதுசா வருது, அடியில எத்தனை எம்பி, எத்தனை செகண்ட்னு காட்டும். அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுங்க.

நம்ம கடலூர் மாவட்டத்துல மொத்தமே பத்து தாலுகா. அந்தப் பத்துப் பேரையும் அதுக்குள்ள வர்ற கிராமப் பேரையும் முதல்லயே அனுப்பிட்டா ஒரு சின்ன போட்டோ அளவுகூட வராது, அப்புறம் சர்வருக்குப் போகவே வேண்டாம். கடிதத்துல இதை எழுதுங்க. மெதுவா இருந்தா மனுஷங்களுக்கு என்ன ஆகும்னு காட்ட, அந்தப் பாட்டியோட சர்வே எண் விஷயத்தையும் எழுதுங்க. என்னைக் கோடைத் திறக்க வச்சது போன்ல வந்த "லேட்டாகுது" இல்ல, அந்த முந்திரி வியாபாரி பை கட்டினதை நேர்ல பார்த்ததுதான். வரைவு எழுதி இங்க போட்டீங்கன்னா, தொழில்நுட்ப வரிகளை நான் சரி பார்த்துத் தர்றேன்.

---

பழைய நகரத்து ஆசிரியர்

தமிழை நான் பார்த்துத் தருகிறேன் அம்மா. உங்கள் 2004 கோப்புகளையும் ஒரு பென் டிரைவில் கொடுத்தனுப்புங்கள். என்னிடம் மாற்றும் பட்டியல் இருக்கிறது. கொம்பு மட்டும் ஒரு முறை கையால் பார்க்க வேண்டியிருக்கும்.